கயிறு யாரு பிடிக்கா?

போன மாதம் என் கடைவாய்ப் பல் ஒன்று என் மானத்தை வாங்கிவிட்டது.

தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சின்ன ஆபரேஷன் அறையில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தையல் போடுவது, முள் எடுப்பது, கட்டியைக் கீறுவது, மூக்கில் நுழைத்துக்கொண்ட கொட்டையை வெளியே கொண்டுவருவது எல்லாம் அங்கேதான். பெரியவர்கள் வந்தால் யாரும் என்னைத் தேட மாட்டார்கள். பிள்ளைகள் வந்தால்தான் "எஸ்தர் சிஸ்டரக் கூப்பிடுங்க" என்று சத்தம் கேட்கும். "அசையாம இரு கண்ணு" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள் என்றால் தப்பில்லை.

அப்படிப்பட்டவள் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? ஊசியைப் பார்த்ததும் என் வலது கால் தானாக எழும்பி, கருவிகள் வைத்திருந்த தட்டை ஓர் உதை விட்டது. "ஆன்ட்டி, அசையாம இருங்க" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். முகக்கவசத்துக்குள் சிரிக்கிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் இல்லை, என் கால் மேல்.

"எனக்கு ஒரு பேண்டேஜ் சுருள் வேணும். வெளிய பெஞ்சில என் தம்பி இருக்கான், அவனும் வேணும்" என்றேன்.

இரண்டும் வந்தன. பல்லும் வந்தது. அதற்குப் பிறகு அங்கே வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, அந்தப் பேண்டேஜ் சுருள் என்ன கதை என்று கேட்டார்கள். வாய் நிறையப் பஞ்சைக் கடித்துக்கொண்டு எப்படிக் கதை சொல்ல? எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்தேன்.

எனக்குச் சாயர்புரம். அப்பா வாத்தியார். வீட்டில் பைபிளும் பிரம்பும் ஒரே அலமாரியில் இருக்கும். நர்சிங் படித்தது மூன்று வருஷம். அதில் ஊசி போடக் கற்றுக்கொண்டது ஆரஞ்சுப் பழத்தில். பழம் அழாது, உதைக்காது, கையைக் கடிக்காது. ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வாரமே ஒரு நாலு வயது மனுஷி என் கட்டைவிரலைக் கடித்தாள். அன்றோடு படிப்பு முடிந்தது, தொழில் ஆரம்பித்தது.

எனக்கு முதலில் கைவந்த வித்தை, பிள்ளைகளைப் போர்வையில் சுற்றுவது. போர்வையை மேசையில் விரித்து நடுவில் பிள்ளையைக் கிடத்த வேண்டும். வலது கையை உடம்போடு சேர்த்து, ஓர் ஓரத்தைக் குறுக்கே கொண்டுவந்து முதுகுக்கு அடியில் செருக வேண்டும். பிறகு இடது கை, மறு ஓரம். கால்மாட்டில் மிஞ்சும் துணியை மடித்து உள்ளே தள்ள வேண்டும். கழுத்து இறுகக் கூடாது. நெஞ்சுப் பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட வேண்டும், மூச்சுக்கு. அழுகிற பிள்ளை அடுத்த அழுகைக்கு மூச்சு இழுப்பதற்குள் நான் சுற்றி முடித்துவிடுவேன். பரோட்டா பார்சல் மடிக்கிற அண்ணாச்சிகூட என்னிடம் தோற்றுப்போவார்.

அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஊருக்குள் என் பெயர் என்னவாயிற்று? 'பிடிக்கிற சிஸ்டர்'. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன், ஏதாவது ஒரு குட்டி என்னைப் பார்த்துவிட்டு "ஏம்மா, பிடிக்கிற சிஸ்டர்!" என்று தாயின் சேலைக்குள் புகுந்துவிடும். சாப்பிடாத பிள்ளைகளுக்கு என் பெயரைச் சொல்லிச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் தூத்துக்குடிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு நான் கூடுதலாகவும் சேவை செய்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் சண்முகவடிவு எங்களுக்குத் தலைமை சர்ஜனாக வந்தார். ஏரல் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். குட்டையான உருவம், சத்தம் போடாத பேச்சு. அறைக்குள் வந்ததும் நேராக மேசைக்குப் போக மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வருகிற மாதிரி உட்காருவார். முதலில் ஊர்க்கதை. என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய். அதற்குள் அவர் கண் காயத்தை அளந்து முடித்திருக்கும்.

வந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார். நான் வழக்கம்போல ஒரு பையனிடம், "வலிக்கவே வலிக்காது ராசா" என்று சொல்லிவிட்டேன்.

"எஸ்தர், இங்க வா. ஒனக்கா ஊசி போடப்போறோம்?"

"இல்ல டாக்டர்."

"பெறவு வலிக்காதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்தப் பையனிடம் திரும்பி, "வலிக்கும்லே. நான் அஞ்சு எண்ணுற வரைக்கும் வலிக்கும். ஆறாச்சுன்னா என் தலையில ஒரு கொட்டு வை" என்றார். எண்ண ஆரம்பித்தார். மருந்து முழுவதும் இறங்குவதற்குள் ஐந்து வந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? ஊசியை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். அந்தப் பயலும் கொஞ்சம்கூட யோசிக்காமல் நங்கென்று கொட்டினான். "சரி, இன்னொரு அஞ்சு தருவியா?" என்று கேட்டார். தந்தான்.

இன்னொரு நாள், உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, மூக்கில் புளியங்கொட்டையோடு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் போர்வையை உதறினேன். வடிவு டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "தாயி, மவனுக்கு ஒரு முத்தம் குடுக்கணுமே" என்றார். கொட்டை இல்லாத மூக்குத் துவாரத்தை அவரே விரலால் அடைத்துக்கொண்டு, பையன் வாயில் வாய் வைத்து ஒரே ஊதாக ஊதச் சொன்னார். அந்த அம்மா ஊதினாள். புளியங்கொட்டை பறந்து வந்து டாக்டரின் கண்ணாடியில் டொக்கென்று பட்டது. பையனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இன்னொரு தடவை செய்யலாம் என்று கீழே விழுந்த கொட்டையைத் தேடினான். நான் அதன் மேல் செருப்புக்காலை வைத்து நின்றுகொண்டேன்.

இனி ரோஷினிக்கு வருகிறேன்.

ஆடிக் காற்று அள்ளி இறைத்துக்கொண்டிருந்த மதியம் அது. கடலுக்குப் போகாமல் வள்ளங்களைக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். அதில் ஏறி விளையாடிய ஆறு வயதுப் பிள்ளை, தவறி நங்கூரத்தின் மேல் விழுந்துவிட்டாள். மேலுதடு பிளந்துவிட்டது. அப்பா கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர், அன்றைக்கு ஒரு வேலையாகக் கீழக்கரை போயிருந்தார். கைக்குழந்தையோடு அம்மாவும், ரோஷினியைத் தூக்கிக்கொண்டு தாய்மாமன் சேவியரும் வந்தார்கள். சேவியர் என்றால், கதவுக்குள் நுழைய ஒருச்சாய்ந்து வர வேண்டிய ஆள். கையில் நங்கூரத்தைப் பச்சை குத்தியிருந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

உதட்டுக் காயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. கண்ணாடியில் பாருங்கள். உதட்டின் சிவப்பும் முகத்தின் தோலும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு அறுந்துவிட்டால், முதல் தையல் அதன் இரண்டு முனைகளையும் நேருக்கு நேராகச் சேர்க்க வேண்டும். மற்ற தையல் எல்லாம் பிறகுதான். முதல் தையல் மயிரிழை பிசகினாலும் முகம் வளர வளர அந்தப் பிசகும் தெரியும். மரத்துப்போகும் மருந்தை ஏற்றினாலோ உதடு வீங்கிக் கோடு மறைந்துவிடும். அதனால் மருந்துக்கு முன்பே ஊதா மையால் இந்த முனையில் ஒரு பொட்டும் அந்த முனையில் ஒரு பொட்டும் வைத்துக்கொள்வார்கள். பொட்டோடு பொட்டுச் சேர வேண்டும்.

மயக்கம் கொடுத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிள்ளை பரோட்டாவும் அதற்கு மேல் மக்ரூனும் ஒரு பிடி பிடித்திருந்தாள். நிறைந்த வயிற்றோடு மயக்கினால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மயக்க டாக்டரும் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். காத்திருக்கலாம் என்றால், உதடு எங்கள் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டிருந்தது.

"பொம்பளப் பிள்ள டாக்டரம்மா. மொகம்லா, கோணிரக் கூடாது" என்று அழுதாள் அம்மா.

வடிவு டாக்டருக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாது. "பிள்ள அசையலைன்னா கோணாது" என்றார். அம்மாவைக் குழந்தையோடு வெளியே உட்கார வைத்தோம்.

முதலில் மை. டாக்டர் மைக்குச்சியை ரோஷினியிடமே கொடுத்துத் தன் மூக்கில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். வைத்தாள். பிறகு இவர் அவள் உதட்டில் இரண்டு பொட்டு வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்து நான் போர்வையில் சுற்றினேன். தலையை ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "அசையாம இரு கண்ணு" என்றேன்.

அடேயப்பா, அப்படி ஓர் அசையாமை! கல் மாதிரிக் கிடந்தாள். அழவில்லை, முனகவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். டாக்டர் ஊசியைக் கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏளா எஸ்தர், பிள்ள மூச்சு விடல! அவுத்துவிடு!"

நான் போர்வையைத் தொடுவதற்குள் ரோஷினி ஹாவென்று வாயைப் பிளந்து மூச்சை இழுத்தாள். தலை ஒரு முழம் எழும்பியது. டாக்டர் கையைப் பின்னால் இழுத்தார், ஊசி எகிறிச் சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. அதே நேரம் எனக்குப் பின்னால் தடாலென்று ஒரு சத்தம். என் உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் சேவியர். ஊசியைப் பார்த்த மனுஷன் மயங்கி, பீரோவோடு சேர்ந்து சரிந்து கிடந்தார். இப்போது எங்களுக்கு இரண்டு நோயாளிகள். வார்டு பாய் பன்னீர் சோடா வாங்கிவர ஓடினான்.

நான் போர்வையை உருவிப் போட்டேன். டாக்டர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்கில் இன்னும் ஊதாப் பொட்டு இருந்தது.

"ஏன் தாயி மூச்சப் பிடிச்ச?"

ரோஷினி என்னைக் கைகாட்டினாள். "அவியதான அசையாம இருக்கச் சொன்னாவ."

"அசையாம இருன்னா மூச்சு விடாம இருக்கணும்னு யாரு சொன்னா?"

"அப்பா. ராவு கட்டில்ல பழகுவோம். அசையாம கெடந்தாத்தான் ரொம்ப நேரம் மூச்சு நிக்குமாம்." உதட்டை அசைக்காமல் பேச முயன்றதால் பாதிதான் புரிந்தது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கயிறு எங்க? கயிறு யாரு பிடிக்கா?"

"என்ன கயிறு?" என்றேன்.

"கயிறு இல்லாம எறங்கவே கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காவ. நீங்க கையையும் கெட்டிட்டிய. நான் எப்படி இழுப்பேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தரையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த சேவியருக்குத்தான் விளங்கியது. வெட்கத்தோடு சொன்னார்: "மச்சான் தண்ணிக்குள்ள எறங்குனா இடுப்புக் கயிறு என் கையிலதான் டாக்டரம்மா இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தா நான் தூக்கிரணும். வேற ஆளு கையில குடுக்க மாட்டாவ. மச்சினன்தான் பிடிக்கணும்பாவ. அக்கா தாலியே அதுலதான இருக்கு, நான் விட்டுருவனா?"

வடிவு டாக்டர் ரோஷினியிடம், "மாமா பிடிச்சாப் போதுமா?" என்றார். தலையை ஆட்டினாள்.

"ஆனா நீங்க பாத்தா விழுந்துருவீங்களே, சேவியர்?"

"நான் எதுக்குப் பாக்கணும்? வள்ளத்துலயும் மச்சான நான் பாக்கதில்லையே. அவுக அடியில கெடப்பாவ. எனக்குக் கயிறுதான் தெரியும்."

அப்படித்தான் அந்தப் பேண்டேஜ் சுருள் வந்தது. ஒரு முனையை ரோஷினியின் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டினேன். மறு முனை, சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்த சேவியரின் விரலில். போர்வை இல்லை. ஒப்பந்தம் இதுதான்: ஓர் இழுப்பு இழுத்தால் டாக்டர் கையை எடுத்துவிட வேண்டும், இரண்டு இழுப்பு என்றால் மறுபடி செய்யலாம்.

நான் டாக்டரின் காதருகே போனேன். "டாக்டர், பாதித் தையல்ல இழுத்தா என்ன செய்வீங்க?"

"நிப்பாட்டுவேன். சொன்னா சொன்னதுதான்."

"மூச்சு?"

அதற்குச் சேவியர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "ஏளா ரோசி, நீ இன்னும் எறங்கல. வள்ளத்து மேலதான் படுத்துக் கெடக்க. இங்கன மூச்சு விடலாம். விடு, மாமாவுக்குக் கேக்கணும்."

விட்டாள். புஸ்ஸென்று எல்லோருக்கும் கேட்டது.

டாக்டர் புது ஊசியை எடுத்தார். உதட்டைத் தொடும் முன்பே ஓர் இழுப்பு. "நிப்பாட்டுங்க!" என்று சேவியர் போட்ட சத்தம், காற்றில் நாலு வள்ளத்துக்கு அப்பால் கேட்கிற சத்தம். டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். ரோஷினி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்ன தாயி?"

"சும்மா, நிப்பாட்டுதியளான்னு பாத்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரண்டு இழுப்பு வந்தது. "அஞ்சு எண்ணுற வரைக்கும் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு மருந்தை ஏற்றினார். அவள் கண்ணில் நீர் வழிந்தது, தலை அசையவில்லை. இந்த முறை ஐந்துக்குள் முடிந்தது.

உதடு மரத்த பிறகு அந்த முதல் தையல். வளைந்த ஊசி ஒரு பொட்டின் வழியாக நுழைந்து வெளியே வந்தது. அடுத்த பொட்டுக்குள் முனை போய்விட்டது, இன்னும் வெளிவரவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் இழுப்பு.

"நிப்பாட்டுங்க!"

இன்னும் ஒரு நொடி, ஒரே ஒரு தள்ளு, கோடு சேர்ந்துவிடும். நானாக இருந்தால் தள்ளியிருப்பேன், மறைக்க மாட்டேன். வடிவு டாக்டர் இடுக்கியை மெல்லத் தளர்த்திவிட்டுக் கையை எடுத்தார். ஊசி உதட்டிலேயே நின்றது. ரோஷினி எச்சிலை விழுங்கினாள். ஒரு மூச்சு இழுத்தாள், விட்டாள். டாக்டரின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாள். அவை காற்றில் இருந்தன.

இரண்டு இழுப்பு.

பொட்டோடு பொட்டுச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் இழுக்கவே இல்லை. மற்ற தையல்களைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்துகொண்டது. பட்ட அலுப்பும் தின்ற பரோட்டாவும் சேர்ந்து ஆளைத் தூங்க வைத்துவிட்டன. கடைசி நூலை நான் நறுக்கினேன். "முடிஞ்சிட்டு அண்ணாச்சி, எந்திரிங்க" என்றேன்.

சேவியர் திரும்பவில்லை. "அவ இழுக்கலியே சிஸ்டர்."

"தூங்கிட்டா. எல்லாம் முடிஞ்சு."

"இருக்கட்டும். அவ இழுக்கட்டும்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டருக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அந்த அறையில் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தது அன்று ஒருநாள்தான். கொஞ்சம் கழித்து ரோஷினி கண் விழித்தாள், கையில் கட்டியிருந்ததைப் பார்த்தாள், இழுத்தாள். சேவியர் ஒரே எழும்பாக எழும்பி, காயத்தைப் பார்த்துவிடாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளை வாரித் தூக்கினார். மூடிய கண்ணோடே நடந்து கதவு நிலையில் தோளை மோதிக்கொண்டு வெளியே போனார். அந்த வருத்தத்துக்கு நடுவிலும் அவர் அக்கா சிரித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து எங்கள் மேசை இழுப்பறையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பேண்டேஜ் சுருள் கிடந்தது. கயிறு யார் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைதான் சொல்லும். பெரும்பாலும் அம்மா. சில நேரம் அண்ணன். ஒரு பயல் வார்டு பாயைக் கேட்டான். என்னைக் கேட்டவர் யாரும் இல்லை. கயிற்றுக்கு அடங்காத பிள்ளைகளும் இருந்தார்கள், போர்வையை நான் அடியோடு விட்டுவிடவில்லை. இப்போது அந்த அறையில் கண்ணில் மாட்டிக் கார்ட்டூன் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது, மூக்கில் வைத்துப் பயத்தைத் தணிக்கும் வாயு இருக்கிறது என்கிறார்கள். நல்லதுதான். எனக்கே அந்த வாயுவைக் கேட்டிருக்கலாம் என்று பல் போன பிறகுதான் தோன்றியது.

ஆனால் அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு நான் சொல்ல வந்தது ரோஷினி தையல் பிரிக்க வந்த நாளைப் பற்றித்தான்.

வீக்கம் வடிந்திருந்தது. டாக்டர் அவள் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நேராக ஓடியது. "சிரி பாப்போம்" என்றார். சிரித்தாள். கோணவில்லை. வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் இழுப்பறையைத் திறந்தேன். "வேண்டாம், நான் கொண்டாந்துருக்கேன்" என்றாள் ரோஷினி. கவுன் பையிலிருந்து நீல நிற வலைக்கயிறு ஒன்றை உருவினாள். ஒரு முனையில் அவளே சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். கதவருகில் சேவியர் இப்போதே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பின்னால் கையை நீட்டினார்.

அவள் அவரிடம் போகாமல் மறு முனையை என் கையில் வைத்தாள்.

"மாமா பாவம், மயங்கிருவாரு. நீங்க பிடிங்க சிஸ்டர்."

பிள்ளைகள் என்னைக் கண்டு ஓடித்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் கயிறு பிடிக்கிறவள் பார்க்கக் கூடாது அல்லவா? சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கத்தரி நறுக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் விரல் கயிற்றில் அவள் இழுப்பைத் தேடியது. எல்லாம் முடிந்த பிறகு ஓர் இழுப்பு வந்தது.

எழுந்து போய்த் தூக்கினேன்.